தொடாத எலும்பு

உங்கள் மேல்வரிசையில், வலது கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில் சின்னதாக ஒரு கறுப்பு தெரிகிறது ஐயா. இப்போதைக்கு வலி இருக்காது. ஆனாலும் தள்ளிப்போடாமல் யாரிடமாவது காட்டிவிடுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எதிரில் உட்காருகிறவரின் வாயைப் பார்த்தே பேசிப் பழகியவன் நான். கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னால் எனக்குத் தடுமாறும். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வாள். "மூக்குக்கு மேலயும் எனக்கு முகம் இருக்குங்க" என்பாள்.

நீங்கள் வாசித்துக் காட்டிய புகாரில் ஒரே ஒரு சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். என் மகளுக்கு நான் ஈறு அறுவை செய்தது உண்மை. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் ஈறு பழையபடியே இறங்கி வந்துவிட்டது. அதுவும் உண்மை. அதற்குக் காரணம் என் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்களே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். என் கைக்கு அந்தப் பெயர் இதுவரை வந்ததில்லை. இத்தனை வருடம் கழித்து, அதுவும் என் மகளின் விஷயத்தில், அந்தப் பெயர் வருவதை என்னால் ஏற்க முடியாது. அதற்காகத்தான் வக்கீல் வேண்டாமென்று சொல்லிவிட்டு இந்த விசாரணைக்கு நானே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு இந்தத் தொழில் பழக்கமில்லை என்றீர்கள். சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். சிலர் சிரிக்கும்போது பல்லுக்கு மேலே ஈறு அகலமாகத் தெரியும். பல் குட்டையாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் பல் முழு நீளத்தோடுதான் இருக்கும். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளைபோல, ஈறுக்குள் பாதி ஒளிந்திருக்கும். நோயில்லை, வலியில்லை. ஆனால் அப்படிச் சிரிக்கிறவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் படத்தில் எல்லாரும் பல் தெரியச் சிரிக்க, இவர்கள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார்கள். என் கிளினிக்குக்கு வந்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக்கூடக் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

அந்த ஈறை அளந்து வெட்டிவிடலாம். வெட்டுவது பெரிய வித்தையில்லை. வித்தை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஈறின் விளிம்புக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவில் உடம்பு கொஞ்சம் இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஈறை எவ்வளவு ஏற்றுகிறோமோ, அதற்குத் தக்கபடி எலும்பையும் மெல்லச் சீவி ஏற்ற வேண்டும். எலும்பைத் தொடாமல் ஈறை மட்டும் வெட்டினால் சில மாதம் பார்க்க அழகாக இருக்கும். பிறகு ஈறு இறங்கிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். இது எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொடுக்கிற பாடம். நானே வகுப்பு எடுத்திருக்கிறேன்.

சரி, என் மனைவியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுடைய அக்கா பல்வலியென்று வந்தார். துணைக்கு இவள் வந்திருந்தாள். பதற்றத்தில் நான் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கீழே போட்டேன், குனிந்து எடுக்கப்போய் விளக்கில் தலையை இடித்துக்கொண்டேன். இவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே கை எழுந்து வாயை மூடிவிட்டது. ஆனால் கை போய்ச் சேர்வதற்குள் நான் பார்த்துவிட்டேன். இளஞ்சிவப்பு ஈறு, அதன் கீழே அரிசிபோலச் சின்னச் சின்னப் பல். உலகத்தில் ஒளிக்க எதுவுமே இல்லாத ஒரு பிள்ளையின் சிரிப்பு அது. அதைத் திரும்பப் பார்ப்பதற்காகத்தான் நான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். அழகான காரணம் என்றுதான் நான் எப்போதும் நினைத்துவந்திருக்கிறேன்.

வெளியில் அவள் கையில்லாமல் சிரிக்க மாட்டாள். என் முன்னால் மட்டும் கையை எடுத்துவிடுவாள். அது எனக்குக் கிடைத்த பாக்கியம்.

நான் பெயரெடுத்துக் கிளினிக் வைத்த பிறகு அவள் கேட்டாள். "ஊருக்கெல்லாம் செஞ்சு விடுறீங்க. எனக்கு எப்போ?" நான் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, எல்லாம் பார்த்தேன். "உன் எலும்பு ரொம்ப மெல்லிசும்மா. தொட்டா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்" என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் நான் சொன்னதை நம்பினாள். அடுத்து வந்த வருடங்களிலும் அவ்வப்போது கேட்டாள். புதிதாக ஏதாவது முறை வந்திருக்கிறதா என்பாள். வரவில்லை என்பேன். கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். வயிற்றில் கட்டி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாருக்கும் வருவதுபோல் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் ஒரு நாள் நான் அந்தக் கண்ணாடியைக் கீழே போட்ட கதையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கை, குழாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மெல்ல வாய்க்கு வந்தது. அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வீட்டிலிருந்த படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அவள் சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை ஐயா. எல்லாவற்றிலும் வாய் மூடியிருந்தது, இல்லாவிட்டால் கை மூடியிருந்தது. ஒரு படத்தில் மட்டும் கை பாதி எழுந்திருந்தது, ஆனால் அது ஆடிப்போய் மங்கலாக இருந்தது. அன்றைக்கு நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் செத்ததுகூட எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

என் மகள் அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தாள். வாலு என்று கூப்பிடுவோம் அவளை. சின்ன வயதில் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் வந்த பெயர். அவளும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படங்களைப் புரட்டினாள். நான் நாற்காலியில் ஏறும்போது காலை நீட்டிக்கொண்டு விழப்போகிற ஒரு பழைய படத்தைக் கண்டுபிடித்து, அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அங்கே இருந்தாள் என் மனைவி.

அதே உதடு, அதே உயரம், அதே சிவப்பு. மகளைப் பெற்று வளர்த்த இத்தனை நாளில் நான் எப்படி அதைப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. அசல் பக்கத்தில் இருக்கும்போது நகலை யார் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நான் அவளைச் சிரிக்கவைப்பதையே வேலையாக வைத்துக்கொண்டேன். சாப்பிடும்போது ஏதாவது ஜோக் சொல்வேன். "அப்பா, இதைப் போன வாரமே சொல்லிட்டீங்க" என்று அதற்கும் சிரிப்பாள். எனக்கு அன்றைய பொழுது போதும் என்றிருக்கும். நான் என் மகளை நேசிக்காத நாளே கிடையாது. இதை எழுதிக்கொண்டீர்களா?

வாலுவின் வேலை, பேச்சு தாமதமாக வருகிற பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பது. பிள்ளையைத் தன் முகத்துக்கு நேரே உட்காரவைத்துக்கொண்டு, வாயை அகலமாகத் திறந்து மூடி, ஒவ்வோர் ஒலியையும் காட்ட வேண்டும். பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசக் கற்கும். ஒரு நாள் ஒரு சின்னப் பெண், அவளைப்போலவே செய்வதாக நினைத்துக்கொண்டு, தன் மேலுதட்டை இரண்டு விரலால் ஈறு தெரியும்படி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு "மா" சொல்லியிருக்கிறது. சுற்றி நின்ற தாய்மார்கள் சிரித்துவிட்டார்கள். வாலுவும் சேர்ந்து சிரித்தாளாம், கையால் வாயை மூடிக்கொண்டு.

அன்று வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அப்பா, எனக்குச் செஞ்சு விடுங்க" என்றாள்.

நான் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். இதெல்லாம் ஒரு குறையா என்றேன். அம்மாவுக்கும் இப்படித்தானே இருந்தது என்றேன்.

"அதனாலதான் கேக்குறேன். அம்மா கடைசிவரைக்கும் கையை இறக்கவே இல்லப்பா. என்னால அப்படி இருக்க முடியாது." கைப்பையை இப்போதுதான் கீழே வைத்தாள். "உங்களுக்குச் சொந்தப் பிள்ளை வாயில கத்தி வைக்க மனசு வரலைன்னா சொல்லுங்க, வேற டாக்டர்கிட்ட போறேன். ஆனா உங்களைவிட நான் யாரை நம்புவேன்?"

வேறு டாக்டரிடம் போயிருந்தால் அவர் ஒழுங்காகச் செய்திருப்பார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். உலகத்தில் அந்தச் சிரிப்பு மிச்சமிருந்த ஒரே இடமும் போயிருக்கும். ஆகவே சரி என்றேன். எந்தத் தகப்பன் மகள் கேட்டதை மறுப்பான்.

இங்கேதான் என் கவனம் வருகிறது. ஈறை அளந்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் வளைவு எங்கே உயர வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்று குறித்து, அதன்படி வெட்டினேன். அதற்குப் பிறகு எலும்பு சீவுகிற கருவியை எடுத்து ஓடவிட்டேன். அது போடுகிற சத்தம் உங்களுக்குத் தெரியாது, மண்டைக்குள் கேட்கும். தண்ணீர் பீச்சி அடித்தது. நான் அதைப் பல்லுக்குச் சற்று முன்னால் காற்றில் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் மெதுவாக நகர்த்தினேன். எலும்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. வாலு நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அவ்வளவுதான் கண்ணு, முடியப்போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் உதவிக்கு நின்ற சிஸ்டரை இதில் இழுக்காதீர்கள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார் அவர். என் கை அவருக்கு எல்லாவற்றையும் மறைத்திருந்தது. மறைக்கும்படிதான் நான் கையை வைத்திருந்தேன்.

தையல் பிரித்த அன்று வாலு கண்ணாடியை விட்டு நகரவில்லை. பக்கவாட்டில் பார்த்தாள், நேரே பார்த்தாள், சிரித்தாள். கை பழக்கத்தில் எழுந்தது, பாதியில் நின்றது, இறங்கிவிட்டது. "அப்பா, பாருங்கப்பா" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு சில மாதம் அவள் வீடு அதிரச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். பார்த்தவர்களெல்லாம் என் கையைப் புகழ்ந்தார்கள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டேன். யாரோ ஒரு நல்ல பெண் என் வீட்டில் வந்து தங்கியிருப்பதுபோல் இருந்தது. ஈறு திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஏங்கித்தான் போனேன்.

வந்தது. முதலில் அவள்தான் கண்டுபிடித்தாள். "இது திரும்ப வளருதா என்ன?" என்று விளக்கின் கீழே வந்து நின்று வாயைக் காட்டினாள். நான் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். "சிலருக்கு அப்படி ஆகும் கண்ணு. உடம்பு வாகு. உங்கம்மா உடம்பு உனக்கு" என்றேன்.

"மத்தவங்களுக்கெல்லாம் நல்லா வருதே. என் உடம்புதான் கோளாறு பிடிச்ச உடம்பா?" என்று கேட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஒழுங்காகப் பல் துலக்கினாயா, மருந்துத் தண்ணீரால் கொப்பளித்தாயா என்றெல்லாம் விசாரித்தேன். ஏதாவது ஒரு நாள் விட்டிருப்பாள்தானே. அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு தன்னையே திட்டிக்கொண்டாள். அவள் அப்படி அழுதுகொண்டிருந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது ஐயா. அதையும் எழுதுங்கள், நான் எதையும் மறைக்க வரவில்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஈறு வந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. முன்னாலாவது கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். இப்போது ஒன்றுமே இல்லை. நான் என்ன சொன்னாலும் "ம்" என்பாள். வேலைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போனாள். வாயை மறைத்துக்கொண்டு வாயைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க முடியுமா? பிள்ளைகள் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தன. கடைசியில் அவளாகவே கேட்டு, தொலைபேசி எடுத்து நேரம் குறிக்கிற மேசைக்கு மாறிக்கொண்டாள். அவ்வளவு ஆசைப்பட்டுப் படித்த வேலை. மாலையில் வந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். எங்கள் வீடு அவள் அம்மா இறந்த மாதத்தில்கூட அப்படி இருந்ததில்லை.

பிறகு ஒரு நாள் அவளே வந்து இன்னொரு தடவை செய்துபார்க்கலாமா என்று கேட்டாள். முதல் தடவை பட்ட வலியில் பயந்திருந்தாள். அதனால் மாத்திரை கொடுத்து அரைத்தூக்கத்தில் வைத்துச் செய்தேன். அப்போதும் எலும்பைத் தொடவில்லை. அப்போதும் ஈறு இறங்கிவந்தது. இந்தத் தடவை அவள் அழக்கூட இல்லை. விதியென்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "கடைசியா ஒரு தடவை பார்ப்போமா வாலு? இப்போ வேற மாதிரி செய்றேன்" என்று ஆசை காட்டினேன். வேண்டாம்பா என்றாள். நான் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் கேட்டேன், கதவுக்கு வெளியில் நின்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் ஒப்புக்கொண்டாள் என்று நினைக்கிறேன். "உங்க திருப்திக்குச் செஞ்சுக்கோங்க" என்றாள்.

ஏன் கேட்டேன் என்கிறீர்கள். கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லுக்குப் பதிலாக நீங்கள் எழுத வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது தடவை அவள் மாத்திரையில் அயர்ந்திருந்தபோது, சிஸ்டரைப் பின்னறைக்கு ஏதோ எடுத்துவர அனுப்பினேன். வேண்டுமென்று அனுப்பவில்லை. உண்மையிலேயே பஞ்சு தீர்ந்திருந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் நான் அவள் மேலுதட்டை இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்தேன். உதட்டை மட்டும் உயர்த்தினால் அது வெறும் பல்லும் ஈறுமாக இருக்கும், எங்கள் பாடப் புத்தகத்துப் படம்போல. கன்னத்தையும் கட்டைவிரலால் சேர்த்துத் தூக்க வேண்டும். அப்போது கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு விழும். விழுந்தது. என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிஸ்டர் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்கிறவரை நான் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் கொஞ்சம் பேசினேன்கூட. வீட்டில் விழித்துக்கொண்டு நடமாடுகிற வாலுவிடமிருந்து எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. நாற்காலியில் தூங்குகிற வாலுவிடம் கிடைத்தது. மூன்றாவது தடவை பஞ்சு தீரவில்லை. நான்தான் இரண்டு பஞ்சுக்கட்டுகளை எடுத்து ஒளித்துவைத்தேன்.

என்ன, எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பேனா எழுதவில்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன்.

அந்த மூன்றாவது தடவையில்தான் பிசகிவிட்டது. நான் உதட்டைத் தூக்கிப் பிடித்ததும், தூக்கத்திலேயே அவள் கை மெல்ல எழுந்து வாய்க்கு வந்தது. நான் அந்த மணிக்கட்டைப் பிடித்து இறக்கினேன். "கையை எடும்மா" என்று சொன்னேன். நான் வாலுவை ஒருநாளும் 'அம்மா' போட்டுப் பேசியதில்லை, கண்ணு என்றுதான் சொல்வேன். அந்தச் சொற்களை அந்தக் குரலில் நான் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன், எங்கள் வீட்டில், தினமும். பக்கத்து அறையில் வளர்ந்த பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறாள். மாத்திரை வேலை செய்தாலும் காது கடைசியில்தான் தூங்கும். இதுவும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான்.

அன்றும் வாலுவுக்குக் கேட்டிருக்கிறது. ஊரின் மறுபக்கத்திலிருக்கிற ஒரு பெண் டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். அந்த டாக்டர் என்னிடம் படித்தவர், மரியாதையான பெண். எனக்கு போன் செய்து, எப்படிக் கேட்பதென்று தயங்கித் தயங்கி, "சார், எலும்பு அப்படியே இருக்கு. மூணு தடவையும் விட்டுப்போச்சா சார்?" என்று கேட்டார். விட்டுப்போச்சா. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகுதான் தோன்றியது, என்னைப் பற்றி அவரால் அதற்குமேல் மோசமாக நினைக்க முடியவில்லை என்று.

வாலு கடைசியாக வீட்டுக்கு வந்தது துணிமணியை எடுத்துப்போக. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைக் கதவருகில் வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அம்மா எலும்பு நிஜமாவே மெல்லிசா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. என் வேலை சம்பந்தமாக நான் பொய் சொல்வதில்லை. "இல்ல. நல்ல எலும்பு" என்றேன்.

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில அம்மா என்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா? 'என் எலும்பு சரியில்ல, எனக்குக் கொடுத்துவைக்கல. உன் எலும்பு நல்லா இருக்கும், உங்கப்பாகிட்ட சொல்லி நீ செஞ்சுக்கோ. நீயாவது வாயைத் திறந்து சிரி'ன்னு சொல்லுச்சு. அதனாலதான்பா உங்ககிட்ட வந்தேன்."

எனக்கு அது தெரியாது ஐயா. என் மனைவி என்னிடம் சொன்னதில்லை. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இந்த நாட்களில் யோசித்துப்பார்க்கிறேன். அதையேதான் செய்திருப்பேன்.

"அம்மா உங்க முன்னாடி மட்டும் கையை எடுத்துடும்னு எல்லார்கிட்டயும் சொல்வீங்களே" என்றாள் வாலு. "நீங்க ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுதானே ஜோக் சொல்வீங்க. நான் பார்த்திருக்கேன்பா. அம்மா இழுத்துப் பார்க்கும், முடியாது, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கும்."

நான் அழுத்திப் பிடித்ததே கிடையாது. பூவைப் பிடிப்பதுபோல்தான் பிடிப்பேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். தெரிந்து செய்தேன், யோசித்துச் செய்தேன், ஒவ்வொரு தடவையும் கையுறை மாட்டும்போதே எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு செய்தேன். என் மகளின் வாயை மூன்று தடவை வீணாக அறுத்தேன். அவள் உடம்பின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் செய்தேன். அவள் அம்மாவை ஆயுள் முழுக்க ஒரு பொய்க்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு வாழவைத்தேன். இவ்வளவும் அன்பினால்தான் செய்தேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள இடமிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வாலுவுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று நீங்கள் சொன்னதை நான் மீறவில்லை. போன வாரம், அவள் வேலை செய்கிற இடத்துக்கு எதிரில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். மேசை வேலையை விட்டுவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கீழ்த்தளத்தில் பெரிய கண்ணாடிச் சன்னல். அதற்குப் பின்னால் ஒரு பெண், மடியில் குழந்தையை எதிர்முகமாக உட்காரவைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை ஏதோ சொல்லிவிட்டது, முதல் தடவையாகச் சொல்லியிருக்கும்போல. அந்தப் பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். முழுப் பல்லும் தெரிந்தது. ஈறின் வளைவு ஒவ்வொரு பல்லுக்கும் அளந்து வைத்ததுபோல் இருந்தது. ஸ்கேன் எடுத்த அந்த மாணவி எலும்பையும் சீவி நன்றாகச் செய்திருந்தார், தொழில்காரனாக எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கை இரண்டும் குழந்தையைப் பிடித்தபடியே இருந்தன, எழவே இல்லை. நல்ல சிரிப்பு. பார்க்கிறவர்களையும் சிரிக்கவைக்கிற சிரிப்பு.

வேலை முடிகிற நேரத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அந்தப் பெண்ணும் கைப்பையை மாட்டிக்கொண்டு, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே படியிறங்கி, என் காரைத் தாண்டிப் போனாள். விளக்குகளை அணைத்துக் கதவைப் பூட்டுகிறவரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், என் மகள் வெளியே வருவாள் என்று.